உணர்விழந்த தோலும் பதனிட்ட தோலும்

முன்னுரை

உடற்குறை உற்றோர் கையாண்ட கருவிகளின் வரலாற்றை எழுதினோர் பெரும்பாலும் சக்கரத்தையும் இரும்பையும் பற்றியே எழுதியுள்ளனர். நாற்காலிக்குச் சக்கரம் பூட்டியவர் யார், அதனை மடக்கும் முறையைக் கண்டவர் யார், செயற்கைக் காலுக்கு மூட்டு அமைத்தவர் யார் என்னும் வினாக்களுக்கு விடை கூறும் நூல்கள் பல உள. ஆயின், அவ்விரும்பிற்கும் உடம்பிற்கும் இடையே நெடுங்காலம் நின்ற பொருள் தோலேயாகும். இருக்கையாகவும், வாராகவும், உறையாகவும், காலணியாகவும் அமைந்து, வன்பொருளின் தாக்குதலை மென்தசை தாங்குமாறு செய்தது அது. அதன் வரலாறு தனியே எழுதப்பெறாமைக்கு இரண்டு காரணங்கள் கூறலாம். தோல் மட்கிப்போவது, இரும்பும் கல்லும் போல எஞ்சி நிற்பதன்று. தோலைத் தைத்தவர் பெயரும் ஏட்டில் ஏறுவதில்லை.

நடக்க இயலாமையால் சக்கர நாற்காலியிலோ சேணத்திலோ அமர்ந்து இயங்கியோர்க்கும், கால் உணர்விழந்தோர்க்கும் தோற்பொருள்கள் எவ்வாறு ஆளுக்கேற்ப அமைக்கப்பெற்றன என்பதை இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம். இத்துறையில் ஏற்பட்ட முன்னேற்றம் புதிய பொருளைக் கண்டமையினும், அளக்கும் முறை மாறியமையாலேயே பெரிதும் விளைந்தது என்பது எம் கருத்து. அதற்குச் சான்றாக எகிப்து, அயர்லாந்து, வேலூர் ஆகிய மூவிடத்துச் செய்திகளைச் சிறப்பாக எடுத்துக்கொள்கின்றோம்.

சொல்லும் தொழிலும்

தமிழில் ‘தோல்’ என்னும் ஒரு சொல்லே உயிருள்ள உடம்பைப் போர்த்ததனையும், உரித்துப் பதனிட்டதனையும் குறிக்கின்றது. உரித்ததனை மட்டும் சுட்ட அதள், உரிவை முதலிய சொற்கள் வழங்கினும், வழக்கில் நிலைபெற்றது பொதுச்சொல்லேயாகும். சங்க நூல்களிற் செருப்பைக் குறிக்கும் ‘தொடுதோல்’ என்னும் சொல் பெரும்பாணாற்றுப்படையிலும் பட்டினப்பாலையிலும் வருகின்றது. பெரும்பாணாற்றுப்படை இடையனது அடியைக் கூறுமிடத்து, இடையறாது செருப்பணிந்தமையால் விழுந்த தழும்பினையும் உடன் கூறுகின்றது. காலைக் காக்கும் தோலே காலில் வடுவும் செய்யும் என்பதைப் பண்டைப் புலவர் நேரிற் கண்டுரைத்தனர் என்பது இதனாற் பெறப்படும். இடையனது அடியில் அவ்வடு உழைப்பின் அடையாளமாய் நின்றது. உணர்விழந்த காலிலோ அதே அழுத்தம் ஆறாப்புண்ணாக முடியும். இவ்வேறுபாடு பின்னர் விரியும்.

சிலப்பதிகாரம் புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்து வாழ்ந்த தொழிலாளரை எண்ணுமிடத்துத் துணி தைப்போரையும் தோல் தைப்போரையும் வெவ்வேறு வகையினராகப் பிரித்துக் கூறுகின்றது. ‘தோலின் துன்னர்’ எனத் தனிப்பெயர் பெறும் அளவிற்கு அத்தொழில் நகரத்தில் நிலைபெற்றிருந்தது என்க. பிற்காலத்தில் அத்தொழில் செய்தோர் தீண்டாமைக்கு ஆளாகி ஊர்ப்புறத்தே ஒதுக்கப்பெற்றனர். அவர்தம் கைத்திறனை ஊர் விரும்பியது. அவரை ஊர் ஏற்கவில்லை.

தோல் பதனிடும் முறையிலும் ஒரு வேறுபாட்டை ஈண்டே குறித்தல் வேண்டும். ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலியவற்றாற் பதனிடுவது நம் நாட்டுப் பழைய முறை. இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய வடவார்க்காட்டு ஊர்கள் தோல் வணிகத்தாற் பெயர்பெற்றவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பார் சென்னையில் குரோம் உப்பினாற் பதனிடும் முறையைப் பரப்ப முயன்றார். 1948-இல் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. பட்டையிற் பதனிட்ட தோலை நனைத்து ஓர் அச்சின்மீது இழுத்துப் பொருத்தி உலரவிட்டால் அவ்வச்சின் வடிவத்தையே அது கொண்டுவிடும். குரோம் தோல் மெல்லியது. நீரையும் வெப்பத்தையும் நன்கு தாங்குவது. ஆனால் அவ்வாறு வடிவம் கொள்வதிற் பிற்பட்டது. உடம்பின் வடிவத்தை ஏற்க வேண்டிய கவசத்திற்கும் பட்டைக்கும் முன்னது ஏற்றது. வளைந்து நெகிழ வேண்டிய உறுப்பிற்குப் பின்னது ஏற்றது. எத்தோலை எங்கு வைப்பது என்பதை அறிவதே தோல்வினைஞரின் முதல் அறிவாகும்.

எகிப்தியப் பெண்ணின் கால்விரல்

உடம்பிற்கேற்பச் செய்த தோற்பொருளுக்கு மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று எகிப்தில் தீபஸ் நகரின் மேற்கே, சேக் அப்துல் குர்னா என்னும் இடுகாட்டிற் கிடைத்தது. தபகெதென்மூத் என்னும் பெண்ணின் உடலில் வலக்காற் பெருவிரல் இருந்த இடத்தில் மரத்தாலும் தோலாலும் ஆகிய விரல் ஒன்று பொருத்தப்பெற்றிருந்தது. அதன் காலம் ஏறத்தாழ கி.மு. 950-க்கும் 710-க்கும் இடைப்பட்டது என்பர். அது இறந்தபின் வைத்த ஒப்பனைப் பொருளா, வாழ்நாளிற் பயன்பட்ட கருவியா என்னும் ஐயம் எழுந்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜாக்குலின் பின்ச் என்னும் ஆய்வாளர், பெருவிரல் இழந்த இருவர்க்கு அதனை ஒத்த விரல் செய்து பொருத்தி, எகிப்திய முறைச் செருப்புடன் நடக்கச் செய்து ஆராய்ந்து, தம் முடிவினை 2011-இல் வெளியிட்டார். அது நடைக்கு உதவும் கருவியே என்பதற்கு அவ்வாய்வு வலிவளித்தது.

எம் ஆராய்ச்சிக்கு இதனினும் வேண்டுவது, சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தார் 2017-இல் வெளியிட்ட செய்தியாகும். அவ்விரல் அணிந்தவளின் காலுக்கு இயைய ஒருமுறையன்றிப் பலமுறை திருத்திப் பொருத்தப்பெற்றது என அவர்கள் கண்டனர். செய்தவர் கொடுத்துவிட்டுச் செல்லவில்லை, அணிந்தவள் மீண்டும் வந்தாள், நோகும் இடத்தைக் கூறினாள், அவ்விடம் திருத்தப்பெற்றது. இம்மூன்று செயல்களும் நிகழாமற் பலமுறை திருத்துதல் இயலாது. செய்வோரும் அணிவோரும் உரையாடியே ஒரு பொருளை முடிக்கும் மரபு அத்துணைப் பழமையானது என்பது இதனாற் புலனாகும்.

அரசன் நாற்காலியும் கடிகாரத் தொழிலாளியின் வண்டியும்

ஐரோப்பாவில் சக்கர நாற்காலியின் வரலாற்றைக் கூறுவோர், ஸ்பெயின் நாட்டு மன்னர் இரண்டாம் பிலிப்பிற்காக 1595-ஐ ஒட்டிச் செய்யப்பெற்ற நாற்காலியைச் சுட்டுவர். கீல்வாதத்தால் துன்புற்ற அம்மன்னரின் நாற்காலியில் முதுகு சாயும் பலகையையும் கால் நீட்டும் பலகையையும் வேண்டியவாறு ஏற்றி இறக்கலாம். அரண்மனையைச் சேர்ந்த ஜெகான் லெர்மித் என்பார் அதனை வரைந்து வைத்தார். மரம், தோல், இரும்பு என்னும் எளிய பொருள்களால் ஆகியதாயினும், அது மன்னருக்கு அளித்த நலம் விலைமதிப்பற்றதாயிற்று.

ஜெர்மனியில் நியூரம்பர்க்கை அடுத்த ஆல்ட்டார்ப் என்னும் ஊரில் வாழ்ந்த ஸ்டீபன் பார்ப்ளர் கடிகாரத் தொழிலாளி, நடக்க இயலாதவர். அவர் 1655-இல் தம் 22-ஆம் அகவையில், கையாற் சுழற்றித் தாமே செலுத்தும் மூன்று சக்கர வண்டியைச் செய்துகொண்டார். மன்னரைப் பிறர் தள்ளினர். பார்ப்ளர் தம்மைத் தாமே நடத்தினார். இம்மாற்றம் தோல்வினைக்கும் ஒரு திருப்பமாகும். பிறர் தள்ளும் நாற்காலியில் தோலின் பணி இருக்கையோடு முடியும். தாமே செலுத்தும்போது கை காலின் வேலையை ஏற்கின்றது. கால் பெற்றிருந்த காப்பு கைக்கும் வேண்டியதாகின்றது. சக்கரத்தின் விளிம்பைப் பற்றித் தள்ளுவோர் உள்ளங்கையில் தோல் வைத்துத் தைத்த கையுறையை அணிவது இதன் தொடர்ச்சியே. அக்கையுறையைக் கைக்கு அணிந்த செருப்பு எனினும் பொருந்தும்.

காவனாவின் சேணம்

ஆளுக்கேற்ற தோற்கருவிக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் சிறந்த எடுத்துக்காட்டாக விளங்குபவர் அயர்லாந்து நாட்டு ஆர்தர் மக்மரோ காவனா என்பார். கார்லோ மாவட்டத்துப் போரிஸ் மாளிகையில் 1831-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25-ஆம் நாள் பிறந்தபோதே அவர்க்குக் கைகளும் கால்களும் முழுமையாக இல்லை; மேற்கை, தொடை ஆகியவற்றின் அடிப்பகுதிகளே இருந்தன. அவர் அன்னையாரும் பிரான்சிஸ் பாக்ஸ்வெல் என்னும் மருத்துவரும் அவரை ஒதுக்கி வளர்க்கவில்லை. மருத்துவர் சக்கர நாற்காலி ஒன்றை அமைப்பித்தார். எழுதவும், வரையவும், மீன்பிடிக்கவும், வேட்டையாடவும் காவனா கற்றார், குதிரையும் ஊர்ந்தார்.

1849-இல் தம் தமையனோடும் ஆசிரியரோடும் புறப்பட்டு உருசியா, பாரசீகம் வழியாக இந்தியாவை அடைந்தார். தமையன் இறந்துபட, பொருளின்றித் தனித்து நின்ற அவர், ஔரங்காபாத்துப் பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அஞ்சல் கொண்டுசெல்லும் குதிரை வீரராகப் பணியாற்றினார். பின்னர் நாடு திரும்பிக் குடும்பச் சொத்துக்கு உரியவராகி, 1866 முதல் 1880 வரை பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினராக விளங்கி, 1889-இல் மறைந்தார்.

அவர் குதிரை ஊர்ந்தமைக்குக் காரணம் அவர்க்கென அமைத்த சேணமாகும். பொதுவாகக் குதிரை ஊர்பவர் தொடையாலும் முழங்காலாலும் குதிரையின் விலாவைப் பற்றுவர். அங்கவடியில் எடையை ஊன்றுவர். கையாற் கடிவாள வாரை இழுப்பர். சேணம் அவர்க்கு வெறும் இருப்பிடமே. காவனாவிற்கோ இம்மூன்று பற்றும் இல்லை. ஆதலின் சேணத்தின்மீது நாற்காலி போன்ற இருக்கை அமைத்து, அதனோடு அவரை வாராற் பிணித்தனர். கடிவாள வாரை அவர் தம் குறுங்கைகளாற் கையாண்டார். தொடையின் வேலையை வாரும், அங்கவடியின் வேலையை இருக்கையின் சுவரும் ஏற்றன. அங்கவடியைக் குறுக்கியோ வாரை நீட்டியோ பொதுச்சேணத்தை அவர்க்கு ஏற்றதாக்க இயலாது. உடம்பு எவ்வெவ் வேலையைச் செய்யும், எவ்வெவ் வேலையைக் கருவிக்கு விடும் என்று முதலினின்றே எண்ணிச் செய்தல் வேண்டும்.

ஈண்டு ஓர் உண்மை நம் கருத்தைக் கவர்கின்றது. காவனாவின் பெயர் நிலைத்தது. நாற்காலியை அமைப்பித்த மருத்துவர் பெயரும் நிலைத்தது. அஞ்சல் வழியில் அவர் உயிரைத் தாங்கிய வாரைத் தைத்தவர் பெயரோ வழங்கும் வரலாற்றில் இடம்பெறவில்லை. ஒரு தையல் விட்டிருப்பின் அவ்வரலாறே இராது. அறிவென்பது திட்டமிட்டவரிடத்தே உண்டு, கைவினைஞரிடத்தே உழைப்பு மட்டும் உண்டு என்னும் எண்ணத்தின் விளைவே இது. பிறப்பால் தொழிலை இழித்த நம் நாட்டில் அவ்வெண்ணம் இன்னும் கொடிய வடிவில் நின்றது.

இருந்த நிலையில் அளத்தல்

இருபதாம் நூற்றாண்டில் சக்கர நாற்காலி பலர்க்கும் உரியதாயிற்று. சுரங்க நேர்ச்சியில் முதுகெலும்பு முறிந்த ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்பாரும் அவர் நண்பர் ஹாரி ஜென்னிங்ஸ் என்பாரும் 1930-களில் அமெரிக்காவில் மடக்கு நாற்காலியைச் செய்து பரப்பினர். 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுத்விக் குட்மன் முதுகுத்தண்டு முறிந்தோர்க்கான பிரிவைத் தொடங்கினார். அந்நாள்வரை அத்தகையோரைக் கொன்றவற்றுள் படுக்கைப்புண் தலையாயது. இரண்டு மணிக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிக் கிடத்தும் முறையாற் குட்மன் அதனைத் தடுத்தார். அழுத்தமும் நேரமும் சேர்ந்தே புண்ணைச் செய்கின்றன என்னும் உண்மை இதனால் நிலைநாட்டப்பெற்றது.

அமர்ந்து வாழ்வோர்க்குத் தோற்பொருள் செய்வோர் பின்பற்றும் நெறிகள் இவ்வுண்மையிலிருந்தே பிறக்கின்றன. முதலாவது, அளவு இருந்த நிலையில் எடுக்கப்பெறுதல் வேண்டும். நின்றவர்க்கு எடுத்த அளவில் தைத்த மேற்சட்டை, அமர்ந்தவர் மடியிற் சுருண்டு மேலெழும். முதுகிற் குறுகி இடுப்பைத் திறந்துவிடும். ஆகவே முன்புறம் குறுகியும் பின்புறம் நீண்டும் இருத்தல் வேண்டும். பக்கங்களில் தொங்கும் ஓரம் சக்கரத்தின் ஆரைகளிற் சிக்கும். கைகளை முன்னும் பின்னும் வீசிச் சக்கரம் தள்ளுவோர்க்குத் தோளிலும் அக்குளிலும் இடம் மிகுதியாக விடப்பெறும்.

இரண்டாவது, எடை தாங்கும் எலும்பின்கீழ்த் தடித்த எதுவும் வரலாகாது. இருப்பெலும்பின் கீழ் வரும் தையல், முடிச்சு, குமிழ், பின்பை ஆகிய ஒவ்வொன்றும் உணர்விழந்த உடம்பிற்குப் பகை. நலமுடையோர் அது உறுத்தியவுடன் சற்றே நகர்வர்; நகர்வதைக்கூட அறியார். உணர்விழந்தவர் நகரார், அறியாமலே புண்படுவர். எனவே வாரின் விளிம்பைச் சீவி மெலிதாக்குதலும், பூட்டினை எலும்பு இல்லா இடத்தில் வைத்தலும் அழகுக்கு உரியன அல்ல; உயிர்காப்புக்கு உரியன.

மூன்றாவது, பை வைக்கும் இடம். நடப்பவர் தோளில் தொங்கும் பையை நாற்காலியின் முதுகில் மாட்டினால், அதன் பாரம் பின்னோக்கி இழுத்து நாற்காலியைக் கவிழ்க்கக் கூடும். அமர்ந்தவர் கைக்கும் அது எட்டாது. சக்கரத்திற்கு உட்புறமாக இருக்கையின் பக்கத்திலோ, இருக்கையின் கீழ் முன்புறத்திலோ தட்டையாக அமைந்த பையே ஏற்றது. நான்காவது, கையின் வலிமை. விரல் மடங்காதவர்க்குச் சிறு பூட்டும் கொக்கியும் பயன்படா. பெரிய வளையமோ நீண்ட வார்நுனியோ வேண்டும். உள்ளங்கையைச் சுற்றிய தோற்பட்டையில் சிறு பை ஒன்று தைத்து, அதிற் கரண்டியையோ எழுதுகோலையோ செருகித் தாமே உண்ணவும் எழுதவும் செய்தது இந்நெறியின் மிக எளிய, மிகப் பயனுள்ள விளைவாகும். அப்பட்டையின் விலை சிறிது. அதனை அணிந்தவர் பிறர் ஊட்டும் நிலையினின்றும் நீங்குகின்றார்.

வேலூரில் நிகழ்ந்தது

மேற்கூறிய இரு வரலாறுகளும், அதாவது முதுகுத்தண்டு முறிந்தோர் வரலாறும் கால் உணர்விழந்தோர் வரலாறும், ஓரிடத்திற் கூடியது வேலூரில் ஆகும். கொல்லிமலையில் 1914-இற் பிறந்த பால் பிராண்ட் 1946-இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையை அவர் கண்டது அவர் வாழ்க்கையை மாற்றியது. தொழுநோயர்தம் கைகால்கள் தாமே அழுகி விழுகின்றன என்னும் கொள்கையை அவர் மறுத்தார். நோய் நரம்பைக் கெடுக்கின்றது. நரம்பு கெட்டமையால் வலி இல்லை. வலி இன்மையால் தீயும் முள்ளும் அழுத்தமும் புண்ணைச் செய்கின்றன என்று காட்டினார். 1951-இல் வேலூரில் நவஜீவ நிலையம் தோன்றியது; 1955-இல் கரிகிரியில் ஷீப்லின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது.

வலியின்மையே நோயாயின், வலி செய்யும் வேலையைக் கருவி ஏற்றல் வேண்டும். அக்கருவி செருப்பாயிற்று. அச்செருப்பில் மூன்று அடுக்குகள் அமைந்தன: காலைத் தொடும் மேலடுக்கு மென்மையான நுண்ணறை ரப்பர், அடியில் முள் ஊடுருவாத வன்மையான ரப்பர், காலைப் பிணிப்பது தோல் வார். ஆணி அடித்தல் விலக்கப்பெற்றது. தேய்ந்தபின் ஆணி மேலெழுந்தால் உணர்விழந்தவர் அறியார். குதிகாலைப் பற்றும் பின்வார் சேர்க்கப்பெற்றது. உணர்விழந்த காலினின்றும் செருப்பு நழுவினாலும் அணிந்தவர்க்குத் தெரியாது. வடிவம் மாறிய காலுக்கு அச்சு எடுத்து, அதன் மேடு பள்ளங்களுக்கேற்ப அடித்தளம் வார்த்தனர். கரிகிரியிற் காலணிப் பட்டறை அமைந்து, அத்தொழிலுக்குப் பயிற்சியும் அளிக்கப்பெற்றது. பெரும்பாணாற்றுப்படை கண்ட செருப்புத் தழும்பு, ஈண்டு மருத்துவர் அளந்து தவிர்க்க வேண்டிய பொருளாயிற்று.

இப்பணியில் ஒரு தடையும் எழுந்தது. காலைக் காத்த செருப்பே அணிந்தவரைத் தொழுநோயர் என ஊர்க்கு அறிவித்தது. புண் ஆறிய சிலர் அச்செருப்பை வெறுத்து ஒதுக்கினர். ஊரார் அணியும் செருப்பைப் போலவே தோற்றமளித்தாலன்றி அது காலில் நில்லாது என்பது தெளிவாயிற்று. அழகு ஈண்டு மருத்துவத்தின் ஒரு கூறாகின்றது.

இதே வேலூரில் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நேர்ந்த வண்டி விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து இரு கால்களும் செயலிழந்தார். அமர்ந்தவாறே செய்யத்தக்கது கை அறுவை மருத்துவம் என்று பிராண்ட் அறிவுறுத்தச் சக்கர நாற்காலியிலிருந்தே தொழுநோயர்தம் மடங்கிய விரல்களை அவர் நிமிர்த்தார். நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் என்பாரிடம் பயின்று திரும்பி, வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் அங்கு மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 1986-இல் மறைந்தார். தம் உடம்பின் பாதியில் உணர்விழந்த ஒருவர், கையில் உணர்விழந்தோர்க்கு மருத்துவம் செய்தார் என்பது வியப்பிற்குரியது. இருவர்க்கும் காவல் ஒன்றே: வலி அறிவிக்காததைக் கண் அறிதல், அழுத்தத்தைக் கருவி பகிர்தல்.

வேலூரைச் சூழ்ந்த நிலம் தோல் பதனிடும் நிலம் என்பதையும் மறத்தலாகாது. தோலைத் தொட்டதால் ஒதுக்கப்பெற்ற குடியினரும், தோல் நோயுற்றமையால் ஒதுக்கப்பெற்ற நோயினரும் வாழ்ந்த அந்நிலத்தில், ஒதுக்கப்பெற்ற தொழிலே ஒதுக்கப்பெற்றோரைக் காக்கும் மருத்துவமாயிற்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன வருமாறு:

1. உடம்பிற்கேற்பத் தோற்பொருள் செய்து, அணிந்தவர் சொற்கேட்டுத் திருத்தும் முறை ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுப் பழமையுடையது.

2. உடம்பு இழந்த வேலை எது, எஞ்சிய வேலை எது என்று பகுத்தறிந்து கருவி செய்தல் காவனாவின் சேணத்தால் விளங்குகின்றது.

3. அமர்ந்தவரை அமர்ந்த நிலையிலேயே அளத்தலும், உணர்விழந்த இடத்தை அழுத்தாமையும் இருபதாம் நூற்றாண்டு மருத்துவம் தோல்வினைக்கு அளித்த நெறிகள்.

4. மருத்துவர் பெயரோடு தோல்வினைஞர் பெயரும் எழுதப்பெறுதல் வரலாற்றின் கடமை.

இவற்றுள் இறுதியது முதுகலை மாணவர் மேற்கொள்ளத்தக்க ஆய்வுப் பணியாகும். காலணிப் பட்டறைகளிலும் செயற்கை உறுப்புச் சாலைகளிலும் குத்தூசி பிடித்தோர் வழங்கும் தொழிற்சொற்களைத் தொகுத்தல் வேண்டும். வாரின் ஒவ்வொரு பகுதிக்கும், சீவும் ஒவ்வொரு முறைக்கும் அவர்கள் நாவில் சொல் உண்டு. அகராதிகளில் அவற்றுட் பல இல்லை. ஆலையில் ஓரளவாகச் செய்த பொருள் பெருகப் பெருக, ஆளுக்கென அளந்து செய்வோர் அருகுகின்றனர். அவரோடு அச்சொற்களும் மறையும். புகார் நகரத்துத் தோல் தைப்போரைக் காப்பியம் பெயர் சுட்டி எண்ணியது. அவ்வெண்ணிக்கையைத் தொடர்வது தமிழாய்வாளர்க்குரிய பணி என்று கருதுகின்றோம்.